டிக் இல்லாத டொக்

எனக்குச் சோறு போடுவது காது. என்னைத் தெரிந்தவர்கள் விரல் என்றுதான் நினைக்கிறார்கள். 'டைப் அடிக்கிற வேலை' என்று சொல்லித்தான் சொந்தக்காரர்களிடம் அறிமுகமும் செய்கிறார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்துவைப்பதை, விம்கோ நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் கேட்டு எழுத்தாக்கி அனுப்புகிறேன். முன்பெல்லாம் முழுவதையும் நானே அடிப்பேன். இப்போது கம்ப்யூட்டரே முதலில் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்துவிடுகிறது. அது தப்பாகக் கேட்டதை நான் சரியாகக் கேட்டுத் திருத்த வேண்டும். ஆகவே சம்பளம் காதுக்குத்தான். காது போனால் வேலை போச்சு. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது ஒரு கீபோர்டு கெட்டுப்போன கதை மாதிரிதான் ஆரம்பிக்கும். எனக்கே வெகுநாள் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் வீடு முதல் மாடியில். கடல் பக்கம் ஒரு ஜன்னல், ரயில் பக்கம் ஒரு ஜன்னல். படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு கதவே பாதிதான் திறக்கும், அதனால் என் மேஜை கூடத்தில். டி.வி.யும் கூடத்தில். என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். மந்தம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தொட்டிகளுக்குள் இறங்கி, வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டியெடுக்கிற வேலை பார்த்தவர். தொட்டிக்குள் தட்டினால் சத்தம் வெளியே போக வழியில்லை, உள்ளே இருக்கிற ஆளின் தலைக்குள்தான் போகும். இப்போது கன்டெய்னர் யார்டு ஒன்றில் பகல் நேரத்தில் கேட்டில் காவலுக்கு நிற்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் டி.வி.யைப் போடுவார். எங்கள் வீட்டில் என்ன சேனல் ஓடுகிறதென்று தெருமுனையில் பால் வாங்க நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

"காதுக்கு மிஷின் வெச்சிக்கோயா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"மிஷின் மாட்னா கெய்வன்னு நெத்தில எய்தி ஒட்டிக்கினா மாரிமே. வேணாம் வுடு" என்பார்.

அவருக்காக நானும் எங்கள் மகளும் கத்திப் பேசிப் பழகிவிட்டோம். சாம்பாரில் உப்பு போதுமா என்பதைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில்தான் கேட்போம். வந்த விருந்தாளி யாராவது சாதாரணமாகப் பேசினால், வந்தவருக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். இதில் ஒரு பேஜாரு என்னவென்றால், புருஷன் பெண்டாட்டிக்குள் ரகசியம் பேச வழியில்லை. கடன் கேட்டு யார் வந்தார்கள், மகளுக்கு எங்கே வரன் பார்க்கலாம் என்பதையெல்லாம் கத்திச் சொன்னால் மூன்று மாடியும் கேட்கும். அதனால் அந்த மாதிரி விஷயத்தை நான் கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அடிப்பேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படிப்பார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அவர் குரல் என் குரலைவிடப் பெரிசு. ஆகவே அவரும் குனிந்து ஒற்றை விரலால் அடிப்பார். எழுத்து எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி, கண்டுபிடித்ததும் கசடைத் தட்டுகிற மாதிரியே ஒரு போடு போடுவார். படித்து முடித்ததும் நான் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். எங்கள் வீட்டில் குசுகுசுப்பு என்றால் அதுதான்.

அவருடைய அந்தப் போடு தாங்காமல்தான் பழைய கீபோர்டு போனது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அது ஆபீஸ்களில் எல்லாம் இருக்கிற சாதாரண ரப்பர் கீபோர்டு. விரலை வைத்தால் ஊறிப்போன பிஸ்கட்டில் அழுத்துகிற மாதிரி இருக்கும். எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரிய அடிவரைக்கும் குத்த வேண்டும். நாள் முழுக்கக் குத்திக் குத்தி எனக்கு விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வலி. அது ஒரு வழியாகச் செத்தபோது எனக்கு வருத்தமே இல்லை. மகள்தான், "மெக்கானிக்கல் கீபோர்டுன்னு ஒண்ணு கீதும்மா, கேம் ஆட்ற பசங்கல்லாம் அத்தத்தான் வெச்சிகிறானுங்க, வாங்கிக்கோ" என்று வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையைச் சொன்னாள். மெட்ரோவில் போய் இறங்கினேன்.

துணிக்கடைகளுக்கு மேலே மாடியில் சின்னக் கடை. கடைக்காரருக்கு என் தம்பி வயது இருக்கும். அவர் ஒரு சின்ன மரப்பலகையை என் முன்னால் வைத்தார். பலகையில் நாலைந்து ஸ்விட்சுகள் தனித்தனியாகப் பதிக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்பிரிங் வைத்த ஸ்விட்ச் இருக்கும், அதுதான் விஷயம் என்றார். சிவப்பை அழுத்தினேன். தடையே இல்லாமல் நேராக இறங்கி நேராக ஏறியது. எனக்குப் பிடிக்கவில்லை, விரலுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை அது. பழுப்பு பாதி வழியில் லேசாக ஒரு மேடு ஏறி இறங்கியது. பரவாயில்லை. நீலத்தை அழுத்தினேன். அதே மேடு, ஆனால் மேட்டைத் தாண்டுகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு விரல் அடியைத் தொடும்போது 'டொக்'. நான் அந்த நீலத்தையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வேறு ஆளைக் கவனித்துவிட்டு வந்தபோதும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அத்த தொட்டவங்க வுட மாட்டாங்கக்கா. ஆனா வூட்ல இருக்கறவங்க திட்டுவாங்க, சவுண்டு ஜாஸ்தி" என்றார்.

"எங்க வூட்ல திட்றதுக்கு ஆளில்ல" என்றேன். உண்மைதானே.

அந்த நீல ஸ்விட்சு கீபோர்டில் அடித்த முதல் சில மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முழுவதையும் நானே அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த டிக் வருகிற இடத்திலேயே எழுத்து விழுந்துவிடுகிறது. அதற்கு மேல் குத்த வேண்டியதில்லை. விரலுக்கு அது புரிந்ததும் அடிவரை போகாமல் பாதியிலேயே திரும்பப் பழகிக்கொண்டது. முழங்கை வலி போனது. ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வேன். ஒரு காதில் டாக்டர், மற்றதில் என் கீபோர்டு. பதிவை ஓட்டுகிற கால் பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்துவார். அவர் பேச்சுக்குப் பின்னாலேயே டிக் டிக் என்று என் விரல் ஓடும். நன்றாக வேகம் பிடித்தால் தனித்தனி டிக் கேட்காது, வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரே சத்தமாக இருக்கும். பெரிய வார்த்தை ஒன்றைத் தப்பில்லாமல் ஒரே மூச்சில் அடித்து முடிக்கும்போது, ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் விழுகிற சத்தம் மட்டும் கனமாக வரும். வேலை என்பதே எனக்குப் பிடித்துப்போனது. மகள்தான் படிக்கும்போதும் தூங்கும்போதும் திட்டினாள். அவள் ஒரு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வந்தாலே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என்னிடமிருந்தும் அவள் அப்பாவின் டி.வி.யிடமிருந்தும் தப்பித்துக்கொண்டாள்.

டி.வி.யிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை. என் ஷிப்ட் மதியம் ஆரம்பித்துச் சாயங்காலம் தாண்டிப் போகும். அவர் வந்து டி.வி.யைப் போட்டதும் நான் டாக்டரின் சத்தத்தைக் கூட்டுவேன். விளம்பரம் வந்தால் இன்னும் கூட்டுவேன். வருஷக்கணக்காக இப்படித்தான். வெயில் வந்தால் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி, அதை நான் யோசித்துச் செய்ததே இல்லை.

பிறகு ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், கீபோர்டில் டிக் குறைகிற மாதிரி இருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஓர மூலையில் இருக்கிற எழுத்துகள், பிறகு நடுவில் இருப்பவை என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாளில் மொத்தக் கீபோர்டும் மாறிவிட்டது. விரல் மேட்டைத் தாண்டுவது தெரிகிறது, ஆனால் டிக் இல்லை. அடியில் விழுகிற டொக் மட்டும் மொத்தையாகக் கேட்கிறது.

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. உப்புக்காற்று.

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான். அது பொய்யும் இல்லை. ஜன்னல் கம்பி வருஷத்துக்கு ஒரு சுற்று இளைக்கும். மின்விசிறி இறக்கையில் துரு பூக்கும். ரிமோட்டில் பேட்டரி வைக்கிற இடத்தில் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும். கேஸ் அடுப்பு, சைக்கிள் செயின், பீரோ சாவி, ஒன்றையும் விடாது. அதோடு அனல்மின் நிலையத்திலிருந்து வந்து மேலே படிகிற சாம்பல் தூசு வேறு. புதுசாக எது வாங்கினாலும் நாங்கள் முதலில் எண்ணெய் போடுவோம், பிறகுதான் தேங்காய் உடைப்போம். ஆகவே ஸ்விட்சுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கில் உப்பு ஏறிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மகளைக் கூப்பிட்டு, "இதுல சத்தம் கொறஞ்சி போச்சா பாரு" என்று கேட்டேன். அவள் இயர்போனைக் கழற்றாமலேயே, "கொறஞ்சா நல்லதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்தோம். தரையில் பழைய நைலான் புடவையை விரித்து, எழுத்து மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முறத்தில் போட்டோம். அடியில் நீல நீலமாக ஸ்விட்சுகள் வரிசையாக நின்றன. நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். அவர் தடுத்தார்.

"அது கலீஜ் ஆயிடும்மே. தையல் மிஷின் எண்ண கொண்டா."

காது குடைகிற பஞ்சுக் குச்சியில் எண்ணெயைத் தொட்டு ஸ்விட்சு ஸ்விட்சாக விட்டார். பட்டறையில் வேலை பார்த்த கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டபிறகு அழுத்திப் பார்த்து, "ஓட்து" என்பார். நான் குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் வர்ல" என்று கத்துவேன். அவர் இன்னொரு சொட்டு விடுவார். "நல்லா ஓட்துமே." "சத்தம் வர்லய்யா." ஒரு முழு மத்தியானம் போனது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இரண்டு செவிடர்கள் உட்கார்ந்து ஒரு சத்தத்தை ரிப்பேர் பார்த்திருக்கிறோம்.

அதே சமயம் வேலையிலும் சரியில்லை. நான் திருத்தி அனுப்பியதைச் சரிபார்க்கிற மேற்பார்வையாளர் பெண் அடிக்கடி திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். மருந்து பெயரின் கடைசி எழுத்து விட்டுப்போகிறது, ஒருமை பன்மை மாறுகிறது, தெளிவாகப் பேசுகிற இடத்தில்கூட நான் 'புரியவில்லை' என்று கோடு போட்டு விடுகிறேன். இத்தனை வருஷத்தில் என் வேலையில் யாரும் கை வைத்ததில்லை. டாக்டர்கள் எல்லாரும் வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி எனக்கு இருந்தது. புதுசாக வந்திருக்கிற டாக்டர்கள் மொணமொணக்கிறார்கள் என்று பதில் எழுதினேன். அவள் பதிலுக்கு, இப்படியே போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டிவரும் என்று மட்டும் எழுதினாள். டிக் இல்லாமல் அடிப்பதால்தான் கவனம் சிதறுகிறது என்று முடிவு செய்தேன். கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினேன்.

சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன். கடைக்காரர் எண்ணெய் பிசுக்கைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு ஒயரைச் சொருகி, இரண்டு கையாலும் கடகடவென்று அடித்துப் பார்த்தார்.

"எண்ண வுட்டதுல சவுண்டு கொஞ்சம் அடங்கிகிது. மத்தபடி நல்லாத்தான் கீதுக்கா" என்றார்.

"இன்னா நல்லாக்கீது? டிக்கே வர்ல. உப்புக்காத்து தாங்காத சரக்கக் குடுத்துட்டு..."

"வர்துக்கா."

"எங்கய்யா வர்து?"

அவர் அலமாரியிலிருந்து பெட்டி பிரிக்காத புது கீபோர்டு ஒன்றை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். நீல ஸ்விட்சுதான். நான் அழுத்தினேன். மேடு தெரிந்தது. டொக் கேட்டது. டிக் இல்லை.

"இதும் கெட்டுப்போன மாலுதான்" என்றேன்.

அவர் அந்தப் பழைய மரப்பலகையை எடுத்து வைத்தார். பழுப்பை அழுத்தினேன், நீலத்தை அழுத்தினேன். மறுபடி பழுப்பு, மறுபடி நீலம். விரலுக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு இதே பலகையில்தான் இந்த நீலத்தை விட மனசில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு கீபோர்டு கெடலாம். கடையில் இருக்கிற எல்லாமே ஒரே நேரத்தில் உப்புக்காற்று பட்டுக் கெட்டிருக்க முடியாது. எனக்குப் பின்னால் கேம் கீபோர்டு வாங்க வந்து நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் நீலத்தை அழுத்தும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த தோழியைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். உதடு அசைந்தது, பாதி வார்த்தைதான் என் காதில் விழுந்தது. கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் இறங்கி வந்துவிட்டேன். மெட்ரோவில் உட்கார்ந்ததும் பயம் பிடித்தது. ஸ்டேஷன் பெயரை அறிவிக்கிற பெண்ணின் குரலைக் கூர்ந்து கேட்டேன். குரல் இருக்கிறது, வார்த்தைகளுக்கு ஓரம் இல்லை. இத்தனை நாள் எழுத்தைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டில் ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் கத்துகிறோம். ஒரு செவிடருக்காகப் போட்ட சத்தத்தில் இன்னொரு செவிடு ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருந்தது.

டோல்கேட் பக்கம் காது பரிசோதிக்கிற இடத்துக்குத் தனியாகப் போனேன். நாலு பக்கமும் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒயர் வைத்த ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அந்தப் பட்டனை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மேடும் இல்லை, டிக்கும் இல்லை. பழைய ரப்பர் கீபோர்டே தேவலை என்று சொல்லவைக்கிற பட்டன். அழுத்தினால் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது. ஆரம்பத்தில் 'பூம்' என்று மோட்டார் மாதிரி சத்தம், அழுத்தினேன். பிறகு மெல்லிசாக ஒன்று, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்று விரல் சும்மா இருக்குமா? அத்தனை வருஷம் ஓடின விரல், அதுவே ஒரு தாளத்தில் அழுத்திக்கொண்டே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து வந்தாள்.

"மேடம், சவுண்டு வந்தா மட்டும்தான் அழுத்தணும். வராதப்ப அழுத்தக் கூடாது."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை விரலை அடக்கிக்கொண்டேன். கூரான சத்தங்கள் வரவேண்டிய இடம் முழுவதும் நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டாக்டர் சொன்னார். கனமான சத்தம் கேட்கும், கூரான சத்தம் போய்விட்டது, போனது திரும்பாது. மிஷின் வைத்துக்கொண்டால் வேலை செய்யலாம், ஆனால் ஹெட்போன் சத்தத்தை இப்போதே குறைக்க வேண்டும். "ஏன் இவ்வளவு வால்யூம் வெச்சீங்க?" என்று கேட்டார். வீட்டில் டி.வி. ஓடும் என்றேன். சொல்லும்போதே என் குரலில் ஏறின கோபம் எனக்கே தெரிந்தது.

ஆமாம், கோபம்தான். துக்கம் பிறகு வந்தது, முதலில் வந்தது கோபம். பட்டறை அவர் காதைத் தின்றது, அவர் டி.வி. என் காதைத் தின்றது. மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, கிழவன் ஆகிவிடுவேன் என்றாரே, அந்த வீம்புக்கு என் பிழைப்பைக் கொடுக்க வேண்டுமா? நாலைந்து நாள் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. வாயைத் திறந்தால் இதைத்தான் கத்துவேன், கத்தினால் மூன்று மாடியும் கேட்கும், காது போன டைப்பிஸ்ட் என்று விம்கோ நகர் முழுக்கத் தெரியும் என்பதால் மூடிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல டி.வி. பார்த்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மிஷின் வாங்க வேண்டும், கம்பெனியில் சொல்ல வேண்டும், எத்தனை நாள் மறைப்பது. ஒரு சாயங்காலம் அவர் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்காருவதற்குள் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் பெரிய எழுத்தில் அடித்தேன்.

'கீபோர்டு கெடல. என் காதுதான் போயிடுச்சு. டெஸ்ட் எடுத்துட்டேன். திரும்பாதாம். மிஷின் வெச்சாத்தான் வேல.'

டி.வி.யைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத நினைத்து விரலை எடுத்துக்கொண்டேன். அவர் படித்தார். அவருக்குப் படிக்க எப்போதும் நேரமாகும், அன்றைக்கு இன்னும் நேரமானது. பிறகு என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது ஒரே ஒரு வார்த்தை.

'டிவியாலயா'

ஆமாம் என்று அடிக்கலாம். இல்லை என்றும் அடிக்கலாம். நாலைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், அது இருந்தது, ஆனால் அந்த ஒற்றை வார்த்தைக்கு முன்னால் அதை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. பட்டறைத் தொட்டிக்குள் அவரை உட்கார வைத்தவன் யாரோ, அவன் ஒரு நாளும் 'என்னாலயா' என்று இவரைக் கேட்டதே இல்லை.

அவர் என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, நடந்து போய் டி.வி.யைச் சுவரில் இருக்கிற ஸ்விட்சிலேயே அணைத்தார். திரும்பி வந்தார். நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். உட்கார்ந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று படித்தேன். எங்கள் வீட்டில் இடம் மாறி நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

'ரெண்டு மிஷின் வாங்கலாம். எனுக்கும்'

அதற்கு மேலும் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். அப்போது என் தோளை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் மகள். மூச்சு வாங்க நிற்கிறாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடையிலிருந்து வந்திருக்கிறாள், கூப்பிட்டுமிருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

"நைனாக்கு இன்னாமா ஆச்சி?" என்று என் முகத்துக்கு நேராகக் கத்தினாள். "தெருமொனையிலேந்து ஓடியாறேன். டி.வி. சத்தமே கேக்கல."

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறாரு பாரு" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"படில ஏறும்போது இந்தக் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டுது. அப்பத்தான் எனுக்கு உசிரே வந்துது" என்றாள்.

"இதுவா? எண்ண வுட்டும் கேக்குதா?"

"எண்ண வுட்டா இன்னா. கீய வரைக்கும் டிக்கு டிக்குன்னு கேக்குது."

நான் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் எழுதியதற்குக் கீழே அடித்தேன்.

'நீ அடிக்கிறது கீழ வரைக்கும் கேக்குதாம்.'

அவர் படித்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து அடுத்த எழுத்தை, வழக்கமான போடு இல்லாமல், மெதுவாக அழுத்தினார்.